மேற்குப் பக்கச் சுவர்

திருக்கோகர்ணம்,
மாசி 9, சனிக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா அமுதவல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், தோள்பட்டை வலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை, அந்த வலியும் சந்தோஷத்தோடு வந்த வலிதான், ஏன் என்று கீழே சொல்கிறேன். நீ அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது அம்மன் முன்னால் வெல்லம் வைத்து அதைத்தான் கேட்டேன். இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் "அம்மா, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய், இது பாதியில் நிறுத்துகிற விஷயம் இல்லை. கௌசல்யா டீச்சர் தன் மகளைப் பார்க்க வருகிற செவ்வாய்க்கிழமை உன் டப்ளினுக்குத்தான் விமானம் ஏறுகிறார், அவர் கையில் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போன ஒரு மாதமாக வீடியோவில் பேசும்போதெல்லாம் அடுப்படியை விட்டு நான் வெளியே வராததற்குக் காரணம் இருக்கிறது, அப்பா உனக்குச் சொல்லவே கூடாது என்று தடை போட்டிருந்தார். இப்போது சொல்லலாம். கலை, நம் வீட்டுக்கு வெளியே நாலு பக்கமும் பெயின்ட் அடித்தாகிவிட்டது, அடித்தது யார் தெரியுமா, நானும் உன் அப்பாவும்! ஆள் வைக்கவில்லை. அறுபத்தாறு வயது மனுஷரும் ஐம்பத்தொன்பது வயது மனுஷியும் சேர்ந்து அடித்திருக்கிறோம்.

பொங்கலுக்கு முன்னாலேயே அடிக்க வேண்டும் என்று ஒரு பெயின்டரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் டேப் பிடித்து அளந்தார், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், கடைசியில் "மூணு பக்கம் அடிச்சுத் தாரேங்க, மேக்கால பக்கம் என்னால ஆகாது, சாரம் நிறுத்தணும்னா உங்க தம்பி எடத்துலதான் நிறுத்தணும், அவரு ஆள உள்ள விடுவாராங்க" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு அந்த மனிதர் இன்றைக்கு வாரேன் நாளைக்கு வாரேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போகியும் போனது, பொங்கலும் போனது, ஆள் வரவில்லை. காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் காபியைக் குடித்து டம்ளரை வைத்துவிட்டு அப்பா சொன்னார், "அமுதா, டெப்போவுல முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்கு வேலை பாத்தவன் நான், ஒரு வீட்டுக்குப் பாக்க மாட்டனா, நாமளே அடிப்போம்." நான் சிரித்துவிட்டேன். முட்டி வலிக்காக டாக்டர் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று சொன்ன ஆள் இவர், அப்படியானால் ஏறப் போவது யார் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். எனக்கு வந்தது பயமா ஆசையா என்று தெரியவில்லை, ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

பெயின்ட் அடிப்பது என்றால் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கடைசி வேலையாம், அதற்கு முன்னால் சுவரைத் தயார் செய்வதுதான் முக்கால் வேலை. முதலில் பாசி. தெற்குப் பக்கம் முழுக்கக் கறுத்துப் போய்க் கிடந்தது, ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து அடித்து ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி நின்றோம். காய்ந்த பிறகு உரிந்து நிற்கிற பழைய பெயின்டைத் தகட்டால் சுரண்ட வேண்டும், அது செதில் செதிலாக வரும்போது ஒரு இன்பம் இருக்கிறது பார், நிறுத்தவே மனசு வராது. விரிசல் இருக்கிற இடத்தை அப்படியே மேலே பூசி மூடக் கூடாது, உளியால் கொஞ்சம் அகலப்படுத்தித் தூசியைத் துடைத்து ஈரப்படுத்தி அதன் பிறகுதான் அடைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பிறகு பட்டி என்கிற வெள்ளை மாவைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கையில் மாவு ஒட்டவில்லை என்றால்தான் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவர் சுவராக நகர்ந்தார், அவர் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் அவருடையது, அதற்கு மேல் எனக்கு. சென்ட்ரிங் கடையில் இருந்து இரும்புச் சாரம் ஒரு செட் வாடகைக்கு எடுத்து வந்து நிறுத்தி, பலகை போட்டு, கயிறு கட்டி, மூன்று தடவை தானே ஆட்டிப் பார்த்த பிறகுதான் என்னை ஏறவிட்டார். கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலையோடு சாரத்தில் ஏறினால் கால் தடுக்கும் என்று உன் பீரோவைத் திறந்து நீ விட்டுப் போன நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருஷத்தில் சேலை தவிர வேறு எதுவும் உடுத்தாதவள், அங்கன்வாடியில் வேலை பார்த்துப் பிள்ளைகளோடு தரையில் உருண்டபோதும் சேலைதான். வாசலுக்கு வந்ததும் எதிர்வீட்டில் மோட்டார் போட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார், பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஏறு" என்று சொன்னார். பதினோரு அடி உயரத்தில் நின்று பார்த்தால் நம் தெரு வேறு தெருவாகத் தெரிகிறது கலை, டவுன் பஸ் திரும்புகிற முனை வரைக்கும் தெரிகிறது, எனக்கு இறங்கவே மனசில்லை.

நிறம் தேர்ந்தெடுத்த கதை தனி. அப்பாவுக்குப் பிஸ்தா பச்சை, எனக்கு மஞ்சள். கீழராஜ வீதிக் கடையில் கொடுத்த அட்டையில் விரல் நகம் அளவுக்குக் கட்டம் போட்டிருக்கிறான், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது, சுவரில் அடித்தால் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரிகிறது. அதனால் சின்ன டப்பாவில் மூன்று நிறம் வாங்கி முன்சுவரில் மூன்று இடத்தில் தேய்த்து வைத்தோம். இரண்டு நாள் தெருவில் போகிற வருகிற எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள், ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து "பச்சை வேணாம்மா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார், அதோடு உன் அப்பா வாய் அடைத்துப் போனது. வெளிர் மஞ்சள் உடம்புக்கு, காப்பிக்கொட்டை நிறம் ஓரத்துக்கு, அதுதான் முடிவு. எல்லா வாளியையும் பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் அடிக்க ஆரம்பித்தோம், இல்லாவிட்டால் ஒரு வாளிக்கும் இன்னொரு வாளிக்கும் நிறம் லேசாக மாறுமாம். வெயில் விழுகிற சுவரில் அடிக்கக் கூடாது, உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் போகும், அதனால் நிழலைத் துரத்திக்கொண்டே போனோம், மத்தியானத்துக்கு மேல் கிழக்கு, வடக்குப் பார்த்த முகப்பு எப்போது வேண்டுமானாலும். பாதிச் சுவரில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் கோடு விழும், அதனால் மூலை வரைக்கும் முடித்துவிட்டுத்தான் சோறு, ஒரு நாள் மூன்றரை மணிக்குத்தான் சாப்பிட்டோம். ரோலரை மேலிருந்து கீழே இழுக்கும்போது அந்தப் பழைய அழுக்குச் சுவர் ஒரு கை அகலம் மஞ்சளாக மாறுகிறது பார், ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்படி மூன்று பக்கமும் ஒரு கோட்டு, அதாவது ஒரு தடவைப் பூச்சு, வரைக்கும் வந்துவிட்டது. மிச்சம் மேற்கு. உன் அறைக்கு வெளிச்சுவர், உன் சித்தப்பா சந்தனம் வீட்டைப் பார்த்த சுவர். சண்டை வந்தபோது நீ நர்சிங் படிக்க விடுதியில் இருந்தாய், அப்பா சொன்னதுதான் உனக்குத் தெரியும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் உன் அறைச் சுவர் ஊறி உப்பிப் போனது. சித்தப்பா வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நம் பக்கத்து ஓரத்தில் இருந்தது, ஒரு நாள் அது நிரம்பி வழிந்ததை அப்பா பார்த்தார், தெருவில் நின்று, நாலு பேர் கேட்க, "எஞ் சுவத்தக் கெடுத்துத்தான் நீ குடியிருக்கணுமாடா" என்று கத்தினார்.  அடுத்த வாரமே சித்தப்பா ஆள் வைத்துத் தொட்டியை அந்தப் பக்கத்து ஓரத்துக்கு மாற்றிவிட்டார், அன்றோடு பேச்சும் போனது. நான் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று, தொட்டியை மாற்றிய பிறகும் சுவர் ஊறிக்கொண்டுதான் இருந்தது. அப்பா "உள்ள ஊறுனது காய வருஷக்கணக்காகும்" என்று சொன்னார், எனக்கு அப்போதே சந்தேகம், ஆனால் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா மகள் ஹேமா கல்யாணத்துக்குப் பொற்கொடி சித்தி தனியாகத் தாம்பாளத்தோடு வந்து பத்திரிகை வைத்தபோதும் அப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. நம் வீட்டில் இருந்து யாரும் போகவில்லை, உன்னையும் விடவில்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பெண்கள் நீங்கள், அவள் மேளச் சத்தம் கேட்கக் கேட்க நீ அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய், அது எனக்கு மறக்கவில்லை.

மேற்கை அப்படியே விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நான் விடவில்லை, மூன்று பக்கம் அடித்த வீட்டில் நான் குடியிருக்க மாட்டேன் என்று சொன்னேன். சரி, மாடியில் இருந்தே பாசியைக் கழுவிப் பார்ப்போம் என்று அவர் நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டிக் கொடுத்தார், கைப்பிடிச் சுவரில் குனிந்து நான் தேய்க்க, அவர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். கீழே சித்தப்பா வீட்டுச் சந்தில் கொடி கட்டி வெள்ளைச் சட்டை நாலு காய்ந்துகொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கறுப்புத் தண்ணீர் அதன் மேல் இறங்கிய பிறகுதான் பார்த்தோம். அப்பா சட்டென்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார், நான்தான் கம்பும் கையுமாக நின்றேன். பொற்கொடி வெளியே வந்து சட்டைகளைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், சுடிதாரும் மூக்கில் துண்டுமாக நின்றதால் ஒரு நிமிஷம் என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நான் துண்டை இறக்கிவிட்டு, "தப்பு நடந்துபோச்சு பொற்கொடி, சட்டையக் குடு, நான் தொவச்சுத் தாரேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சட்டை கெடக்குதுக்கா, மேல நின்னு ஊத்துனா கீழ எப்படிப் போகும், இங்கிட்டு வந்து நின்னு தேய்ங்க" என்றாள். சந்தனம் என்று நான் இழுத்தேன். "அவரு கட்டுமாவடிக்கு ஐஸ் லோடு எறக்கிட்டு வர மத்தியானம் ஆயிரும், காலையில வந்துட்டுப் பதினோரு மணிக்குள்ள சாரத்தைக் கழட்டிட்டுப் போயிருங்க" என்று குரலைத் தணித்துச் சொன்னாள். அந்தச் சுவரில் காலையில்தான் நிழல், எல்லாம் பொருந்தி வந்தது. அப்பாவிடம் சொன்னேன், அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை சரி என்றும் சொல்லவில்லை, "நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன், மேல இருந்து பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் பொற்கொடியும் சாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் போனோம், பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடப் போகிற பிள்ளைகள் மாதிரி இரண்டு பேருக்கும் படபடப்பு. அவள் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள், நான் மேலே சுரண்டினேன், நடுவில் காபி கொடுத்தாள், ஏழு வருஷத்துப் பேச்சையும் அந்த நாலு அடிச் சந்தில் பேசித் தீர்த்தோம். இரண்டாம் நாள் தளத்துக்கு ஒரு முழம் கீழே, தென்மேற்கு மூலையில், சுவர் பெரிதாக உப்பிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தேன். உளியை வைத்து ஒரே தட்டு, தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு பைப். நம் மொட்டை மாடி மழைத் தண்ணீர் இறங்குகிற பைப், வீடு கட்டின கொத்தனார் அதைச் சுவருக்குள் விட்டுத் திருப்பிப் பூசி மூடியிருக்கிறார், அந்தத் திருப்பத்தில் மூட்டு கழன்று இரண்டு விரல் இடைவெளி இருந்தது, சுற்றிலும் செங்கல் சேறாகிக் கிடந்தது. உளியைப் பலகையில் வைத்தேன். மேலே பார்த்து, "ஏங்க, அந்த மூலை ஓட்டையில ஒரு வாளி தண்ணி ஊத்துங்க" என்றேன். எதுக்கு என்று கேட்டார், ஊத்துங்க என்றேன். ஊற்றினார். தண்ணீர் அந்த இடைவெளியில் பீறிக்கொண்டு வந்து என் முகத்தில் அடித்து, என்னைத் தாண்டிப் போய் சித்தப்பா வீட்டுச் சுவரில் விழுந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன், அந்தச் சுவரும் நம் சுவர் மாதிரியே, அதே உயரத்தில் இருந்து, கீழ் வரைக்கும் கறுத்துப் போய்க் கிடந்தது. நான் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, சந்து வாசலில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா நிற்கிறார்! கடலில் காற்று அதிகம், படகு போகவில்லை, ஐஸ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம், ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

பொற்கொடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சித்தப்பா நேராக வந்தார், நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் சாரத்தின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல எறங்குங்கண்ணி, பலகை ஆடுது" என்றார். இறங்கினேன். இறங்கி நின்று, ஈரத்தோடு, "சந்தனம், தண்ணி ஒங்க தொட்டியில இருந்து வரல, எங்க பைப்புதான் ஒடஞ்சிருக்கு, அன்னைக்கும் இதுதான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் பூசி மூடியிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவர் மேலே பார்த்தார். மாடியில் அப்பா காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தார், அவருக்கும் கேட்டுவிட்டது. உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன் கலை, முப்பத்து மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்த மனுஷர் போயிருப்பார். ஆனால் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு படியில் ஒவ்வொரு காலாக இறங்குகிற சத்தம், பிறகு நம் கேட், பிறகு அவர்கள் கேட். முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் வந்து நின்றார். பெயர்ந்த இடத்தைப் பார்த்தார், எதிர்ச் சுவரைப் பார்த்தார், கையால் தடவினார். "முப்பத்திரண்டு வருஷம் எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான்டா எனக்கு வேலை," என்றார், "எந்த வண்டியா இருந்தாலும் அடியில படுத்துப் பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒன் விஷயத்துல பாக்காமலே கத்திட்டேன் சந்தனம். தப்பு என் பேர்லதான்." சித்தப்பா உடனே கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை, அப்படியெல்லாம் நடக்கவில்லை. அவர் கண் சிவந்துவிட்டது. "தொட்டியப் பத்தி நீ பேசுனத நான் அன்னைக்கே விட்டுட்டேண்ணே. எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பெரியப்பன் எங்கன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டாங்க, ஒடம்பு சரியில்லன்னு பொய் சொன்னேன். அது மட்டும் என்னால மறக்க முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா அந்த இடத்திலேயே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த பட்டி வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் பெயர்ந்து விழுந்த பூச்சைக் கூட்டி அள்ளினோம்.

அன்றைக்கு மத்தியானம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மணி இருக்கும், கேட் சத்தம், சித்தப்பா கையில் புது பைப் மூட்டு, ஒட்டுகிற பசை, ரம்பம். அப்பா முகத்தைப் பார்க்காமலே "இத மாத்தாம மேல பூசிறாதீங்கண்ணி, திருப்பியும் ஊறும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நேராகச் சந்துக்குள் போய் சாரத்தில் ஏறினார். அப்பாவும் பின்னாலேயே போனார். முதலில் கீழே இருந்து அப்பா சொல்வதற்கு மேலே இருந்து பதில் இல்லை, பிறகு "ரம்பத்தச் சாய்ச்சுப் புடிக்காதடா" என்றதற்கு "நீ வந்து அறு" என்று ஒரு பதில் வந்தது, பிறகு இரண்டு பேரும் எந்தப் பக்கம் வெட்டுவது என்று சத்தம் போட்டுச் சண்டை போட ஆரம்பித்தார்கள், அதைக் கேட்டதும்தான் எனக்கும் பொற்கொடிக்கும் மூச்சு வந்தது. மூட்டு மாற்றி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஒரு சொட்டு வெளியே வரவில்லை என்று தெரிந்ததும் சித்தப்பா மேலே இருந்தே "அண்ணே, சரியா" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார்.

ஊறின சுவரில் உடனே அடிக்க முடியாது, பெயர்த்த இடத்தைப் புதிதாகப் பூசி, தண்ணீர் காட்டி, பிறகு நன்றாகக் காயவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தோம், அதற்குள் மற்ற மூன்று பக்கமும் இரண்டாம் கோட்டு முடித்தேன். போன புதன்கிழமை மேற்கில் பிரைமர், நேற்று இரண்டாவது கோட்டும் முடிந்தது, கடைசி மூலையை நான்தான் இழுத்தேன். உன் அறைக்குள் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், காய்ந்து கணகணவென்று இருக்கிறது. வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை, சாயங்கால வெயிலில் தெரு முனையில் இருந்தே தெரிகிறது, நேற்று ஒருத்தர் வண்டியை நிறுத்தி எந்த பெயின்டர் என்று நம்பர் கேட்டார், அப்பா என்னைக் கை காட்டினார், அவர் நம்பவில்லை. நானும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் ப்ளீச்சிங் பவுடரில் இருந்து ஆரம்பித்து அவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்துவிட்டேன்! சாரத்தை இன்னும் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை, ஏன் என்றால் நாளைக்குக் காலையில் சித்தப்பா வீட்டுக் கிழக்குச் சுவரைக் கழுவ ஆரம்பிக்கிறோம். நம் தண்ணீர் கெடுத்த சுவர், அதை நாம்தான் சரி செய்து கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா அவர் சுவருக்குப் பிஸ்தா பச்சைதான் வேண்டும் என்கிறார், அண்ணன் தம்பி புத்தி ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஹேமாவுக்கு இது எட்டாவது மாதம், வருகிற பங்குனியில் வளைகாப்பு. காரைக்குடியில் இருந்து அழைத்து வரப் போகிறார்கள், பெரியப்பா பெரியம்மா என்று நாங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று பொற்கொடி சொல்லியிருக்கிறாள். ஹேமா நம்பரை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன், மறக்காமல் கூப்பிடு. முதலில் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள், பதில் சொல்லாதே, அவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. எடுக்கவில்லை என்றால் மறுநாள் திருப்பிக் கூப்பிடு. நீ அங்கே தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே, இரவு ட்யூட்டி முடிந்து வந்தால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காமல் ஒரு கை சோறு வைத்துச் சாப்பிடு, டீச்சரிடம் கொடுத்திருக்கிற பொடியில் நெய் ஊற்றிக்கொள். டீச்சருக்கு அந்த ஊர் புதிது, விமான நிலையத்துக்கு முடிந்தால் நீயும் போய் நில். எந்த ஊரில் இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என் தங்கமே. அப்பா தானும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார், அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை, கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா
ம. அமுதவல்லி

பாப்பா, அப்பா எழுதுகிறேன். ஹேமா கல்யாணத்துக்கு உன்னைப் போகவிடாமல் தடுத்தது நான். நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த மாதமே ஊரை விட்டுப் போனாய். நீ ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை, கேட்கப் பயம். ஹேமாவிடம் பேசும்போது நீயாக வராமல் இருக்கவில்லை என்று சொல்லு. அப்பாதான் விடவில்லை, அதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லு.

மலையாண்டி